தேரா, பாம்பா?

எய்யா, என்ன மூஞ்சி இப்படி வாடிக் கெடக்கு? வேலை கூடிப்போச்சா? இல்லையாமே! வேலையைப் பத்திப் பேசுத வேலைதான் கூடிப்போச்சாமே. காலையில 9.30க்கு ஒரு மீட்டிங்கு. 11 மணிக்கு ஒண்ணு. மத்தியானம் கையைக் கழுவியும் கழுவாமலும் ஒண்ணு. சாயந்திரம் அமெரிக்காக்காரன் முழிச்ச பெறவு ஒண்ணு. இதுக்கு எடையில எப்ப வேலை பாக்க? ராத்திரி வீட்டுல வச்சுப் பாக்க. பெறவு மூஞ்சி எங்கிட்டுத் தெளியும்?

செட்டியார்பட்டியில உக்காந்திருக்க கெழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்குதியாக்கும்? 2020ல கொரோனா வந்தப்ப எங்கூருப் பயலுக, பிள்ளைக எல்லாம் மெட்ராசுல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் பெட்டியைக் கட்டிட்டு வந்துட்டாகள்ல. ஆளுக்கொரு திண்ணையில உக்காந்துதான் கம்பெனி நடத்துனாக. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி. நான் நார்க்கட்டில்ல படுத்துக்கிட்டே அம்புட்டுக் கம்பெனி மீட்டிங்கையும் கேட்டேன். சம்பளம் இல்லாத டைரக்டரு நான்.

என்ன பேசுதாக தெரியுமா? "கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?" அஞ்சு நிமிசம் இது. "ஸ்கிரீன் தெரியுதா?" அடுத்த அஞ்சு நிமிசம் இது. "இன்னும் ரெண்டு பேர் வரணும், கொஞ்சம் பொறுப்போம்." அந்த ரெண்டு பேரும் வந்த பெறவு, மொதல்ல இருந்து "கேக்குதா?" பக்கத்து வீட்டுப் பயல் மைக்கை அமத்திப் போட்டுட்டு இட்லி தின்னுக்கிட்டு இருக்கான். "என்னடே பேசுதாக?"ன்னு கேட்டேன். "தெரியல தாத்தா. நான் சும்மா இருக்கணும், அம்புட்டுத்தான்"ங்கான். சும்மா இருக்கதுக்கு ஒரு சம்பளம்! எங்க காலத்துல இதுக்குச் சாமியார் ஆகணும்.

ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு கொரல் வருது. "நல்ல விவாதம். இதை வியாழக்கிழமை மறுபடி பேசுவோம்." அட, மறுபடி பேசுததுக்குத்தான் இம்புட்டு நேரம் பேசுனீகளா?

ஜூம் கம்பெனியை ஆரம்பிச்ச எரிக் யுவானே, ஒரு நாள் வரிசையா 19 ஜூம் மீட்டிங்குல உக்காந்து அலுத்துப்போச்சுன்னு 2021ல வாய்விட்டுச் சொல்லிட்டாரு. கடை போட்டவருக்கே சரக்கு திகட்டிருச்சு. நீ எம்மாத்திரம்?

சரி, கெழவன் பேச்சுக்குக் காது குடு. நம்ம பெரியவங்க ரெண்டு சொலவடை சொல்லிட்டுப் போயிருக்காக. 'ஊர் கூடித் தேர் இழு.' அது ஒண்ணு. 'ஆள் கூடினா பாம்பு சாகாது.' அது இன்னொண்ணு. ஒண்ணு கூடுங்கு. இன்னொண்ணு கூடாதங்கு. பெரியவங்களுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருந்தது? இல்லய்யா. ரெண்டும் மெய்யி. எந்தச் சோலி தேரு, எந்தச் சோலி பாம்புன்னு பாத்துச் சொல்லத் தெரியணும். அது தெரிஞ்சுபோச்சுன்னா உன் மீட்டிங்குல பாதி தன்னால செத்துரும்.

தேருன்னா என்னன்னு தெரியணுமா? ஆடிப்பூரத்தன்னைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போ. ஆண்டாளும் ரெங்கமன்னாரும் ஏறி வார பெரிய தேரைப் பாரு. ஒருத்தன் இழுத்தா அசையுமா? நூறு பேரு இழுத்தாத்தான் அசையுமா? ஆயிரக்கணக்குல கை விழணும் வடத்துல. அங்க போயி "இம்புட்டுச் சனம் எதுக்கு?"ன்னு கேக்குதவன் மடையன். ஆனா ஒண்ணு கவனி. வடத்தைப் பிடிச்ச எவனும் அங்க பேசிக்கிட்டு நிக்கல. 'வடம்: ஒரு சிறு அறிமுகம்'னு எவனும் படம் போட்டுக் காட்டல. "கோவிந்தா"ன்னு ஒரு சத்தம். எல்லாக் கையும் ஒரே பக்கம். முட்டுக்கட்டை போடுததுக்கு மட்டும் சக்கரத்துக்கிட்ட நாலு பேரு. அதுவும் எப்பப் போடணும், எப்ப எடுக்கணும்னு தெரிஞ்ச ஆளுக. உங்க மீட்டிங்குல என்னடான்னா ஆளுக்கொரு முட்டுக்கட்டையோட வந்து உக்காந்திருக்கான். வடத்துலதான் ஆளைக் காணோம்.

இன்னொண்ணும் கேளு. அந்தத் தேரு மரச்சக்கரத்துல ஓடுன காலத்துல அன்னைக்கே நிலைக்கு வந்து சேராது. நாள் கணக்கா வீதியிலயே நிக்கும். பெறவு இரும்புச் சக்கரம் மாட்டி, ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டாக. இப்ப அன்னைக்கே நிலைக்கு வந்துருது. ஆளையா கூட்டுனாக? சக்கரத்தை மாத்துனாக. உங்க மேனேஜரு என்ன பண்ணுதாரு? வேலை நகரலேன்னா இன்னும் ரெண்டு மீட்டிங்கு போடுதாரு. சக்கரம் எங்க சிக்கிக்கிட்டு நிக்குன்னு குனிஞ்சு பாக்கணும்னு ஒருத்தருக்காச்சும் தோணுதா?

தேருன்னா திருவிழாத் தேரு மட்டுமில்ல. இந்தப் பக்கத்துக் கைத்தறித் தெருவுகள்ல பாவு ஆத்துதது உண்டு. வெள்ளென எந்திரிச்சுத் தெரு நீளத்துக்குப் பாவை விரிக்கணும். கஞ்சி போடணும். அறுந்த இழையை முடியணும். வெயில் ஏறுததுக்குள்ள சுருட்டியாகணும். ஒரு வீட்டுச் சனம் பத்தாது. பக்கத்து வீட்டுக்காரன் வருவான். நாளைக்கு அவன் வீட்டுப் பாவுக்கு இவன் போவான். அதுவும் கூட்டந்தான். அங்க வெயில்தான் தலைவரு. அவரு வந்துட்டாருன்னா கூட்டம் முடிஞ்சுது. "இன்னும் பத்து நிமிசம் குடுங்க"ன்னு அவருக்கிட்டக் கேக்க முடியுமா?

ராஜபாளையத்து நூல் மில்லுல ஷிப்ட் மாறுததைப் பாத்திருக்கியா? போறவன் வாரவன்கிட்ட நின்னமானைக்குச் சொல்லுவான். இந்த பிரேம்ல நூல் சும்மா சும்மா அறுது. அந்த மெசினுக்கு மேஸ்திரிகிட்டச் சொல்லியாச்சு. ரெண்டு வார்த்தை. முடிஞ்சுது. மெசின் ஓடிக்கிட்டே இருக்கு.

நீங்களும் காலையில 'ஸ்டாண்டப்'னு ஒண்ணு வச்சிருக்கீகளாமே. பேரு நல்லாருக்கு. அதுக்கு 15 நிமிசந்தான்னு விதியை உண்டாக்குனவனே எழுதி வச்சிருக்கான். நான் பாத்த பயலுக முக்கா மணி நேரம் நடத்துதான். அதுலயும் ஒரு பயலாச்சும் நிக்கானா? அம்புட்டுப் பேரும் சக்கரம் வச்ச நாக்காலியில சாஞ்சு கெடக்கான்.

இப்பப் பாம்புக்கு வருவோம். வீட்டு மூலையில பாம்பு வந்துருச்சு. கம்பு வச்சிருக்கவன் ஒருத்தன் இருந்தா சோலி முடிஞ்சுது. ஆனா ஊரு கூடுது. ஒருத்தன் சாரைங்கான். ஒருத்தன் நல்ல பாம்புங்கான். ஒருத்தன் "அடிக்காதீக, சாமி"ங்கான். ஒருத்தன் போன்ல படம் பிடிக்கான். வாசல்ல நிக்கவன் உள்ள இருக்கவனுக்கு வழி சொல்லுதான். பாம்பு என்ன பண்ணும்? "உங்க ஏற்பாடு முடியட்டும், நான் இருக்கேன்"ன்னு காத்துக்கிட்டு இருக்குமா? பேச்சைக் கேட்டுக்கிட்டே பொந்துக்குள்ள போயிருது. இப்பப் பாம்பை அடிக்கப்படாதுய்யா. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லணும், அவுக வந்து பிடிச்சுட்டுப் போயி காட்டுல விட்டுருவாக. அதுக்கும் ஒரு போன் போதும். ஊர்க்கூட்டம் எதுக்கு?

உன் ஆபீசுச் சோலியில முக்காவாசி பாம்புதான். வாடிக்கைக்காரனுக்கு ஒரு பதில் எழுதணும். ஒரு பில்லைச் சரிபாக்கணும். ஒரு பட்டன் பச்சையா நீலமான்னு சொல்லணும். இதுல எதுக்கு வடம்? அந்தச் சோலி தெரிஞ்ச ஒருத்தன், அவன் கையில ஒரு கம்பு. அதாவது "நீயே முடிவு பண்ணிக்கோ"ங்கிற அதிகாரம். அதை மட்டும் குடுக்க மாட்டாக. கம்பைக் கையில குடுக்காம மீட்டிங்குக்கு மட்டும் கூப்பிட்டா அவன் என்ன பண்ணுவான்? அவனும் வாசல்ல நின்னு வழி சொல்லுவான்.

இந்த வெவகாரம் உனக்கு மட்டும் வந்ததுன்னு நெனைக்காத. பார்க்கின்சன்னு ஒரு வெள்ளைக்காரரு. நம்ம சனம் பொழைக்கப்போன சிங்கப்பூர்ல, அப்ப இருந்த மலாயா பல்கலைக்கழகத்துல வரலாற்றுப் பேராசிரியரா இருந்தாரு. 1957ல வந்த அவரு புத்தகத்துல ஒரு கமிட்டி வருது. கற்பனைக் கமிட்டிதான். மூணு விசயம் பேசணும். ஒரு கோடி பவுண்டுக்கு அணு உலை. சைக்கிள் நிறுத்த ஒரு கொட்டகை. கூட்டத்துக்குக் காப்பிச் செலவு. அணு உலையை எவ்வளவு நேரம் பேசுனாக? ரெண்டரை நிமிசம். சைக்கிள் கொட்டகையை? 45 நிமிசம். காப்பியை? ஒண்ணேகால் மணி நேரம்!

ஏன் அப்படி? அணு உலை எவனுக்கும் விளங்காது. வாயைத் தொறந்தா குட்டு வெளிப்பட்டுப் போகும். தலையை ஆட்டிட்டு அமந்துருவான். சைக்கிள் கொட்டகையை எல்லாரும் பாத்திருக்கான். தகரம் போடலாமா, ஓடு போடலாமா? காப்பின்னா கேக்கவே வேண்டாம். குடிச்சவன் எல்லாம் அதுல பண்டிதன். உன் ஆபீசுலயும் இப்படித்தான நடக்கு? கோடி ரூவாக் கணக்கு ஒரு தலையாட்டுல போயிரும். லோகோவை அரை விரக்கடை தள்ளி வைக்கணும்னு ஒரு வாரம் சண்டை நடக்கும்.

இதைவிடக் கூத்து ஒண்ணு இருக்கு. 1944ல, ரெண்டாம் உலக யுத்த நேரம். அமெரிக்காவுல ஓ.எஸ்.எஸ்.னு ஒரு உளவுத்துறை. பின்னால சி.ஐ.ஏ. வந்ததே, அதுக்கு முந்தினது. எதிரி பிடிச்சு வச்சிருந்த நாட்டுச் சனங்களுக்காக ஒரு ரகசியக் கையேடு எழுதுனான். எதிரியோட வேலையை வெளியே தெரியாமக் கெடுக்கது எப்படின்னு பாடம். மெசின்ல மண்ணைப் போடு, டயரைக் கிழின்னெல்லாம் சொல்லிட்டு, ஆபீசுல இருக்கவனுக்குத் தனியா யோசனை சொல்லுதான். எதையும் கமிட்டிக்கு அனுப்பு. கமிட்டியில அஞ்சு பேருக்குக் குறையாமப் போடு. நீளமாப் பேசு. சம்பந்தமில்லாததை அடிக்கடி எழுப்பு. எழுதுன வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கு. போன கூட்டத்துல முடிவானதை மறுபடி கெளப்பு. அவசர வேலை இருக்க நேரமாப் பாத்து மீட்டிங்கு போடு. வெடிகுண்டு வேண்டாம்யா, இதுவே போதும்னு உளவுத்துறையே சொல்லுது! எதிரியைக் கவுக்க எழுதுன பாடத்தை உங்க ஆளுக சம்பளம் குடுத்துச் சொந்தக் கம்பெனியில நடத்துதாக. அந்தக் கையேட்டைப் படிச்சா மேனேஜரு ஆனாக?

நம்ம பழைய ஆளுக கூட்டத்தை அளவாக் கூட்டுததுல கெட்டிக்காரங்கய்யா. உத்திரமேரூர்க் கல்வெட்டு கேள்விப்பட்டிருப்ப. முதலாம் பராந்தக சோழன் காலம், 919லயும் 921லயும் வெட்டுனது. குடவோலைன்னு பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணிட்டு மறந்துட்டுப் போயிருப்ப. அதுல வாரியத்துக்கு இத்தனை பேருன்னு கணக்கு இருக்கு. தோட்ட வாரியத்துக்கு 12 பேரு. ஏரி வாரியத்துக்கு 6 பேரு. ஊரோட தண்ணியைக் காக்க ஆறே பேரு! உன் ஆபீசுல பட்டன் நெறத்தை மாத்த எத்தனை பேரைக் கூப்பிட்டாக? 18ன்னு நீதான சொன்ன? அதுல பாதிப் பேருக்கு எந்தப் பட்டன்னே தெரியாதுன்னும் சொன்னியே.

அந்தக் கல்வெட்டுல இன்னொரு விதியும் உண்டு. முன்னால வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாமப் போனவன் மறுபடி வாரியத்துக்கு வரப்படாது. அவன் மட்டுமா? அவன் சொந்தக்காரனும் வரப்படாது. இந்த ஒரு விதியை உங்க கம்பெனியில கொண்டுவந்தா மீட்டிங்கு ரூம்ல மின்விசிறி மட்டுந்தான் சுத்திக்கிட்டு இருக்கும்.

இப்பவும் அரசாங்கத்துக்குக் கொஞ்சம் புத்தி இருக்கு. கிராம சபை வருசத்துக்கு 6 நாளு. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்கூரு பேரூராட்சி, எங்களுக்குக் கிராம சபை கெடையாது. சுத்துப்பட்டி ஊராட்சிகள்ல நடக்கு. ரோடு, தண்ணி, தெருவிளக்கு, ஒரு ஊரோட வருசத் தேவை அம்புட்டும் 6 கூட்டத்துல அடங்கணும். உன் டீம்ல எட்டே எட்டுப் பேரு. உங்களுக்கு வாரத்துக்கு எத்தனை கூட்டம்? வெரல் பத்தலேன்னு கால் வெரலையும் எண்ணுத!

ஒரு மீட்டிங்குக்கு என்ன வெலைன்னு எப்பவாச்சும் கணக்குப் பாத்திருக்கியா? எங்கூர்லயும் தளவாய்புரத்துலயும் வந்து கேளு, சொல்லுவாக. இங்க வீட்டுக்கு வீடு நைட்டி தைக்காக. துணியை வெட்டி, ஓவர்லாக் அடிச்சு, தச்சு, கட்டுக் கட்டா வெளியூரு போகுது. கூலி பீஸ் கணக்கு. மெசினை நிறுத்துனா காசு நின்னுபோகும். அந்தப் பொம்பளைக கிட்டப் போயி, "அக்கா, நாளைக்கு எத்தனை பீஸ் தைக்கலாம்னு ஒரு மணி நேரம் உக்காந்து பேசுவமா?"ன்னு கேட்டுப் பாரு. கத்தரிக்கோல் கையில இருக்கும், பாத்துக்கோ. பீஸ் கணக்குல பொழைக்கவளுக்கு மீட்டிங்கோட வெலை தெரியும். மாசச் சம்பளக்காரனுக்கு மீட்டிங்கு ஓசின்னு நெனப்பு. பத்துப் பேரு ஒரு மணி நேரம் உக்காந்தா அது ஒரு மணி நேரமா? பத்து மணி நேரம்யா. ஒரு ஆளோட முழு நாள் வேலை, மேக்கொண்டு ரெண்டு மணி ஓவர்டைம்.

கனடாவுல ஷாப்பிஃபைன்னு ஒரு பெரிய கம்பெனி. 2023 சனவரியில, மூணு பேரும் அதுக்கு மேலயும் கூடுத வாடிக்கை மீட்டிங்கை எல்லாம் ஒரே வீச்சுல காலண்டர்ல இருந்து தூக்கிட்டான். அந்த வருசமே ஒரு மீட்டிங்குக்கு எவ்வளவு செலவாகுதுன்னு காட்டுத கணக்கு மெசினையும் காலண்டர்லயே மாட்டிட்டான். அம்புட்டுப் படிச்சவன் கம்ப்யூட்டர் வச்சுக் கண்டுபிடிச்சதைத் தளவாய்புரத்துல நைட்டி தைக்கவ பாபின்ல நூல் சுத்திக்கிட்டே சொல்லிருவா.

சரி, பெறவு ஏன் மீட்டிங்கு போடுதாக? உங்க மேனேஜரு முட்டாளா? ஒருக்காலும் இல்ல. முடிவு எடுத்தா பொறுப்பு வரும். தப்பாப் போச்சுன்னா கழுத்து ஒண்ணு, கத்தி ஒண்ணு. நாலு பேரைக் கூட்டி வச்சுப் பேசிட்டா? "எல்லாருஞ் சேந்துதான முடிவு பண்ணுனோம்!" கழுத்து நாலாச்சு. கத்தி எந்தக் கழுத்துக்குன்னு அதுக்கே வெளங்காது. இதுக்குப் பேரு கலந்தாலோசனை. பேரு நல்லா வச்சிருக்காகள்ல?

நீயும் லேசுப்பட்டவன் இல்லய்யா. சிரிக்காத. மீட்டிங்கு இல்லாத அன்னைக்கு என்ன பண்ணுன? கஷ்டமான சோலி மேசையில கெடக்கு. ஒண்டியா உக்காந்து மண்டையை ஒடைக்கணும். பயம் வந்துச்சு. "இதைப் பத்தி எல்லார் கருத்தையும் கேட்டுருவோமே"ன்னு நீயே ஒண்ணைப் போட்டுட்ட. மீட்டிங்குல உக்காந்திருந்தா வேலை பாக்காமலே வேலை பாத்த களைப்பு வந்துருதுல்ல? அந்தக் களைப்பு ஒரு சொகம். அதை மொதல்ல விடு.

இனி என்ன பண்ணணும்? மேனேஜரு கிட்டப் போயி "உங்க மீட்டிங்கு வெட்டி"ன்னு சொல்லிராத. சோத்துல மண்ணு விழுந்துரும். பைய, பதமா, மருவாதியாக் கேளு. "சார், இந்த மீட்டிங்ல என்ன முடிவு எடுக்கணும்னு ஒரு வரி அனுப்பினீங்கன்னா நான் தயாரா வந்துடுவேன்." பாத்தியா, வரமாட்டேன்னு நீ சொல்லவே இல்ல. தயாரா வாரேன்னுதான சொல்லுத? எந்தப் பெரிய மனுசனும் இதுக்குக் கோவிக்க முடியாது. அவரு அந்த ஒரு வரியை எழுத உக்காருவாரு. எழுத வந்தா அது தேரு, போ. எழுதவே வரலேன்னா அவருக்கே சங்கடமாயி, "பரவாயில்ல, அடுத்த வாரம் பாப்போம்"னு சொல்லிருவாரு. பாம்பும் போச்சு, உன் மேல பழியும் இல்ல.

அடுத்தது, பேசுததுக்கு முன்ன எழுதச் சொல்லு. அமேசான்ல பெசோஸ் 2004ல பவர்பாயிண்டு படங்காட்டுததை நிறுத்திட்டாரு. விசயத்தை ஆறு பக்கத்துக்குள்ள வாக்கியமா எழுதிட்டு வரணும். மீட்டிங்குக்கு வந்தவுக மொதல்ல வாயை மூடிக்கிட்டு அதைப் படிக்கணும். பெறவுதான் பேச்சு. இதுல என்ன சூட்சுமம்? புள்ளி புள்ளியா வச்சு ஒப்பேத்தலாம். முழு வாக்கியமா எழுத உக்காந்தா, சொல்ல ஒண்ணும் இல்லேங்கது அவனுக்கே தெரிஞ்சுபோகும்.

நேரத்தை நீ குறிக்க வாய்ச்சா மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்ன வையி. பசி வந்தா பேச்சு சுருங்கும். முடிஞ்சா நின்னுக்கிட்டே நடத்து. இங்கிலாந்து ராசா முன்னால கூடுத பிரிவி கவுன்சில்ல இன்னைக்கும் எல்லாரும் நிக்கத்தான் செய்யுதாக. 1861ல விக்டோரியா ராணி புருசனைப் பறிகொடுத்து நின்ன காலத்துல, பேச்சைச் சுருக்குததுக்காக ஆரம்பிச்சதுன்னு சொல்லுதாக. ராணியே நாக்காலி போடாம அனுப்பியிருக்கா. உனக்கென்ன?

முடியும்போது எந்திரிச்சு ஓடிராத. மூணு கேள்வி கேளு. யாரு செய்ய? என்ன செய்ய? என்னைக்குள்ள முடிக்க? அதை எழுதி எல்லாருக்கும் அனுப்பு. அடுத்த தடவை கூடும்போது மொத வேலை அந்தக் கணக்கு. கணக்குச் சொல்லாதவனுக்குப் புதுப் பேச்சு கெடையாது. உத்திரமேரூர்க்காரன் சொந்தக்காரனையும் சேத்துத் தள்ளுனான். நீ அம்புட்டுத் தூரம் போக வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கெழவன் சொன்னான்னு எல்லாத்தையும் வெட்டிராத. துஷ்டி வீட்டுல என்ன முடிவு எடுக்கோம்? ஒண்ணும் இல்ல. போயி உக்காந்துட்டு வாரோம். அங்க போய் இருக்கதே காரியம். ஆபீசுலயும் அப்படி நாளு உண்டு. ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்தணும்னா மெயில்ல அனுப்பாத, எதிர உக்காந்து சொல்லு. புதுசா வந்த பிள்ளை மெரண்டு போயி இருக்கும், கூப்பிட்டு வச்சுப் பேசு. பெரிய தப்பு நடந்துபோச்சா, மெயில்ல கத்தியை வீசாம மூஞ்சியைப் பாத்துப் பேசித் தீரு. அதெல்லாம் மனுசன் மனுசனைப் பாக்க வேண்டிய நேரம். அதை மிச்சம் பிடிச்சு என்ன கோட்டையா கட்டப்போற?

கடைசியா ஒண்ணு. ராஜபாளையத்துல இருந்து சங்கரன்கோயில் வழியா திருநெல்வேலிக்கு பஸ் ஏறுனா மானூர் வரும். சன்னல் வழியாப் பாத்துட்டுத் தூங்கிருப்ப. அங்க சிவன் கோயில்ல ஒரு பாண்டியர் காலத்துக் கல்வெட்டு, 1200 வருசத்துக்கு முந்தினது. ஊர்ச்சபை எப்படி நடக்கணும்னு விதி வெட்டி வச்சிருக்கு. நெலமும் வேதப்படிப்பும் இருந்தவன்தான் அந்தச் சபையில பேசலாம். உன்னையும் என்னையும் வாசப்படி ஏற விட்டிருக்க மாட்டாக, அது தனி வழக்கு. ஆனா ஒரு விதி மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. சபையில எதைச் சொன்னாலும் "இல்ல, இல்ல"ன்னு மறிச்சுக் காரியத்தைக் கெடுக்கவனுக்கும், அவனுக்குத் தொணை போறவனுக்கும் 5 காசு தண்டம்!

இன்னைக்கு அந்த விதியை லேசாத் திருப்பிப் போடணும். உங்க ஆபீசுல "இல்ல"ன்னு சொல்ல ஆளே இல்ல. காலண்டர்ல அழைப்பு வந்து விழுந்ததும், என்னத்துக்குன்னு கேக்காம "சரி"ங்கிற பட்டனை அமுக்குதவனாலதான் இம்புட்டும் நடக்கு. தண்டத்தை அவனுக்குப் போடணும். அமுக்குக்கு 5 காசு. போட்டா ஒரே மாசத்துல கம்பெனிக்குப் புதுக் கட்டடமே கட்டிரலாம்.

மொத வசூலு யாருகிட்டன்னு கேக்குதியா? என்னைய ஏன் பாக்க? நான் பென்சன் வாங்குத ஆளு. நீ பைக்குள்ள கையை விடு.